சுண்ணாம்புமுனையில் பதிவான சிரிப்பு

எங்கள் ஊர் சுண்ணாம்புமுனையில் நடக்காத கச்சேரியின் பதிவு, முதன்முதலில் இலியாஸின் செல்போன் கடையில்தான் ஒலித்தது. மீன் ஏலம் முடிந்து, ஆட்கள் கையில் ஈரம் காயாமல் ரீசார்ஜ் செய்ய வந்து நிற்கிற பட்டப்பகல் நேரம். புதிதாக வந்திறங்கிய ஸ்பீக்கரின் சத்தம் எப்படி என்று பார்க்க இலியாஸ் போனில் கண்ணில் பட்டதை ஒரு தட்டுத் தட்டினான், தட்டியது ஒரு ஆல்பம், அதன் அட்டைப்படத்தில் எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக் காளவாயின் இடிந்த புகைபோக்கி நின்றது, அதற்குப் பின்னால் எங்கள் கடல், முன்னால் விளக்குப் போட்ட மேடை, மேலே ‘ஏழு கரை’ என்று ஒரு இசைக்குழுவின் பெயர், கீழே ‘லைவ் அட் சுண்ணாம்புமுனை’. ஒரே சீராக நெஞ்சுக்கூட்டில் வந்து மோதுகிற மெஷின் அடி, இந்தக் காலத்துக் கல்யாண வீடுகளில் பிள்ளைகள் விடியவிடிய ஆடுகிறார்களே அந்த அடி, அதன்மேல் ஆப்பிரிக்காவில் சுரைக்குடுவையில் நரம்பு கட்டி மீட்டுகிற ஒரு வாத்தியம், அதன்மேல் துருக்கி தேசத்து நாணல் குழல், அதற்கும் மேலே வங்காளத்துப் பக்கிரி ஒருத்தரின் தொண்டை. கடையில் நின்றவர்கள் தலையை ஆட்டிக் கேட்டார்கள். பாட்டு முடிந்து கைதட்டலும் விசிலும் எழுந்தன, விசில் அடங்குமுன் ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

“ஏல சகாயம், உக்காருல! பின்னால இருக்கவன் மனுசன் இல்லியா?”

அது பவுலின் குரல். சகாயம் அப்போது கடையில்தான் நின்றான், பக்கத்திலேயே அவன் மச்சான் பவுலும் நின்றான், இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த பாட்டு முடிந்ததும் கூட்டத்தில் இலியாஸே ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்தினான், அதற்கடுத்ததில் கோயில் கமிட்டித் தலைவர் சூசைமிக்கேல் தொண்டையைச் செருமினார், அவர் செருமல் ஊருக்கே தெரிந்த செருமல், மூன்று தவணையாக வரும். சாயங்காலத்துக்குள் ஊரில் இருக்கிற அத்தனை போனிலும் அந்த ஆல்பம் ஏறிவிட்டது, ஆளாளுக்குத் தன் குரலைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பேய் என்றோ பிசாசு என்றோ யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒரு விஷயம் விளங்காவிட்டால் முதலில் வருகிற கேள்வி, இதை யார் நமக்குத் தெரியாமல் செய்தது என்பதுதான். மேலத்தெருக்காரர்கள் தங்களை விட்டுவிட்டுக் கச்சேரி வைத்துவிட்டதாகக் கீழத்தெரு சந்தேகப்பட்டது, கீழத்தெருவின் சந்தேகமே ஒரு நடிப்பு என்று மேலத்தெரு சந்தேகப்பட்டது, போகாத கச்சேரியில் தன் குரல் இருப்பதை ஒத்துக்கொள்ள முடியாமலும் ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியாமலும் ஒவ்வொருத்தரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு திரிந்தார்கள். அதிகம் கொதித்தது ராஜரத்தினம்தான். ஊரில் நல்லது கெட்டது எதற்கும் ரேடியோ செட் கட்டுகிறவர் அவர், அவரைக் கேட்காமல் சுண்ணாம்புமுனைக்குள் ஒரு குழாய் ஸ்பீக்கர் வர முடியாது. “என்னைக் கூப்பிடாம எவன் செட்டைக் கொண்டாந்திய? சொல்லுங்க, எவன் செட்டு?” என்று வீடுவீடாகப் போய்க் கேட்டார்.

எல்லாம் வெளியூர்க்காரர்கள் வந்து விசாரிக்கிற வரைக்கும்தான். “உங்க ஊர்ல வெளிநாட்டுக்காரங்க வந்து கச்சேரி பண்ணுனாங்களாமே, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே” என்று அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் பொறாமையோடு வந்து கேட்டபோது, இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆமாம், நடந்தது, கூட்டமான கூட்டம், நிற்க இடமில்லை. முதலில் சகாயம் சொன்னான், அப்புறம் பவுல், அப்புறம் எல்லாரும். அந்தத் துருக்கிக்காரர் குழல் ஊதும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்று ஒருத்தர் சொல்ல, இல்லை, ஒரு கண் திறந்திருந்தது என்று இன்னொருத்தர் திருத்த, கச்சேரி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து முடிந்தது. கடைசியில் ராஜரத்தினமே, “செட்டு நம்ம செட்டுதான். அந்தச் சத்தம் வேற எவன் குழாய்ல வரும்?” என்று சொல்ல ஆரம்பித்தார், அதற்கப்புறம் அவருக்கு வெளியூர்க் கல்யாணங்கள் ஓய்வில்லாமல் வந்தன.

இந்த அளவில் நின்றிருந்தால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை. ஆல்பத்தின் ஐந்தாவது பாட்டு அதற்கு விடவில்லை.

ஐந்தாவது பாட்டின் நடுவில் மெஷின் அடி சட்டென்று நின்றுபோகும், சுரைக்குடுவை நிற்கும், பக்கிரி நிற்பார், நாணல் குழல் மட்டும் ஒற்றையாகப் போய்க்கொண்டிருக்கும், ஜனங்களும் மூச்சுக் காட்ட மாட்டார்கள். அந்த அமைதிக்குள் ஒரு பெண் சிரிப்பாள். மைக்குக்குப் பக்கத்திலேயே நின்று, வயிற்றிலிருந்து கிளம்பி, அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் உடைந்து வருகிற சிரிப்பு. அதை அடுத்து ஒரு ஆண் குரல், காதோரம் சொல்வதுபோல மெதுவாக, “இன்னொரு வாட்டி சிரி பிலோமி” என்று சொல்லும். உடனே மெஷின் அடி திரும்பவும் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

பிலோமி என்று ஊரில் ஒருத்திதான், போட் இன்ஜின் மெக்கானிக் செலஸ்டின் பெண்டாட்டி பிலோமினா. பேரைச் சொல்லாவிட்டாலும் அந்தச் சிரிப்பை எங்களுக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் ஞானோபதேச வகுப்பில் அந்தச் சிரிப்புக்காக அவள் வெளியே நிறுத்தப்படாத ஞாயிற்றுக்கிழமை இல்லை, வெளியே நின்றும் சிரிப்பாள், உள்ளே இருக்கிற நாங்களும் சேர்ந்து கெடுவோம். கல்யாணமான வாரத்தில் கல்யாண மாலையை ஆடு ஒன்று வாயில் கவ்விக்கொண்டு தெருவில் ஓடியதைப் பார்த்து அப்படித்தான் சிரித்தாள், செலஸ்டின் அவளை வீட்டுக்குள் கூப்பிட்டு, “யாரைப் பாத்துச் சிரிச்சே?” என்று கேட்டான். ஆட்டைப் பார்த்து என்றாள். ஆட்டுக்குப் பின்னால் யார் நின்றது என்று கேட்டான். இப்படியே நாலைந்து தடவை கேள்வி வந்தபின் அவள் சிரிப்பை அளந்து சிரித்தாள், பிறகு அளக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. அவர்கள் மகள் ஜெனோவா பள்ளிக்கூடம் போகிற வயசாகியும் தன் அம்மாவின் சிரிப்பைக் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பு இப்போது ஊர் முழுக்க எல்லார் போனிலும் இருந்தது.

சிரிப்பு யாருடையது என்பதில் சந்தேகமில்லை, அந்த ஆண் குரல் யாருடையது என்பதுதான் தெரியவில்லை. இருமலும் செருமலும்கூட இன்னாருடையது என்று சொல்லிவிடக்கூடிய ஆல்பத்தில் அந்த ஒரு குரல் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. தவிர, ஊரில் தன் குரலைக் கண்டுபிடிக்க முடியாத ஒரே ஆள் செலஸ்டின். “நான் அன்னைக்கு வெளித் துறையில எங்கியாவது இன்ஜினுக்குள்ள தலையை விட்டுக்கிட்டுக் கெடந்திருப்பேன்” என்றான் அவன். எந்த அன்றைக்கு என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. புருஷன் ஊரில் இல்லாத நாளில் பெண்டாட்டி கச்சேரிக்குப் போயிருக்கிறாள், கூட யாரோ இருந்திருக்கிறான், அவளைச் சிரிக்க வைத்திருக்கிறான். இந்தக் கணக்கு எல்லாருக்கும் சரியாக வந்தது.

மாதா கோயில் முன்வாசலில் ஊர் கூடியது. பிலோமி வேலை பார்த்த நண்டுக் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள், அவித்த நண்டை உடைத்து உடைத்துக் கீறிப்போன விரல்களைச் சேலை முந்தியில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“கச்சேரியே நடக்கலியே. நடக்காத எடத்துல நான் எப்படிச் சிரிச்சிருப்பேன்? உங்க நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, மேடைய எவராச்சும் கண்ணால கண்டியளா?” என்று கேட்டாள்.

கூட்டத்தில் நின்ற ராஜரத்தினத்தை அவள் பார்த்தாள், அவர் தன் செட்டின் வயர்களைச் சுருட்டுகிற மாதிரி வெறும் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“ஊரே பாத்திருக்கு, நீ ஒருத்தி மட்டும் இல்லைங்கே. அப்போ ஊரு பொய் சொல்லுதுங்கியா?” என்றார் சூசைமிக்கேல், மூன்று தவணை செருமிவிட்டு. அதோடு அவள் மேல் இருந்த சந்தேகம் முழுசாகிவிட்டது, ஏனென்றால் தப்புச் செய்யாதவள் எதற்காகக் கச்சேரியே இல்லை என்று மறைக்க வேண்டும்?

கமிட்டி ஒரு முடிவு சொன்னது. அந்த ஆள் யாரென்று தெரிகிறவரை ஜெனோவா செலஸ்டினின் அக்காள் வீட்டில் இருக்க வேண்டும். ஆள் வேறொருத்தன் என்றானால் பிள்ளை அப்பனோடு, பிலோமி தன் பிறந்த வீட்டோடு. பிள்ளையை விடச் சொன்னதும் பிலோமி கெஞ்சிப் பார்த்தாள், ஆகாது என்று தெரிந்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“எம்மேல குத்தமில்லன்னு ஆனா?”

“ஆனா என்ன, பிள்ளை உனக்குத்தான்.”

“பிள்ளையும் எனக்குத்தான், அதுக்கப்புறம் நான் எங்க இருக்கணும், யாரோட இருக்கணுங்கதும் எம் முடிவுதான். சரின்னு சொல்லுங்க.”

அப்படியொன்று நடக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எல்லாரும் சரி என்றார்கள், செலஸ்டினும் சரி என்றான்.

மறுநாளே ஆளைக் கண்டுபிடிக்கிற வேலை ஆரம்பமாயிற்று. கோயில் முன்வாசலில் ராஜரத்தினம் ஒரு மைக்கை நட்டார், ஊர் ஆம்பிளைகள் வரிசையாக வந்து அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும், இலியாஸ் ஒவ்வொருத்தர் சொன்னதற்கும் பின்னால் ஆல்பத்தைப் போட்டுக் காட்டுவான், ஊர் ஒப்பிட்டுப் பார்க்கும். “முதல் ஆளா நானே சொல்லுதேன், அப்பத்தான் எவனும் தப்பிக்க மாட்டான்” என்று செலஸ்டின் மைக்கைப் பிடித்து, கடலுக்குள் நிற்கிற போட்டுக்குக் கேட்கிற மாதிரி, “இன்னொரு வாட்டி சிரி பிலோமி!” என்று போட்ட போட்டில் மைக் வீலென்று கூவிவிட்டது. இந்தக் குரல் இல்லை என்று ஊர் ஏகமனதாகச் சொன்னது. பிறகு கிழவர்கள் வந்தார்கள், மீசை முளைக்காதவர்கள் வந்தார்கள், சூசைமிக்கேல் சொல்லும்போது பெயருக்கு முன்னால் செருமிவிட்டார், தோற்றார். ஒருத்தரும் தேறவில்லை.

தேறாவிட்டாலும் வேறு வினை விளைந்தது. ஆம்பிளைகள் மைக் முன்னால் நிற்க, பெண்கள் எதிரே நின்று, தன் புருஷன் அந்த வார்த்தையை எப்படிச் சொல்கிறான் என்று பார்த்தார்கள். வெடுக்கென்று சொன்னவனை, ஒளிக்கிறான் என்றார்கள். சகாயம் பாவம், உள்ளபடியே கொஞ்சம் நயமாகச் சொல்லித் தொலைத்துவிட்டான், அவன் பெண்டாட்டி அங்கேயே பிடித்துக்கொண்டாள். “இந்தக் குரலை இத்தனை வருசமா எங்க வச்சிருந்திய? எங்கிட்ட ஒரு நாளாச்சும் இப்படி ஒரு பேச்சுப் பேசியிருப்பியளா?” அந்த வாரம் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. ஊரின் ஆம்பிளைகள் மெதுவாகப் பேசுவதையே விட்டுவிட்டார்கள், குழந்தையைத் தாலாட்டுகிறவனும் அதட்டித்தான் தாலாட்டினான், யாராவது தணிந்து பேசினால் உடனே நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பிலோமியின் வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். செலஸ்டின் பட்டறையிலேயே சாப்பிட்டுப் பட்டறையிலேயே படுத்தான், ஜெனோவா இரண்டு தெரு தள்ளி அத்தை வீட்டில் இருந்தாள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மாவைக் கண்டால் ஓடி வரப் பார்ப்பாள், அத்தை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். பிலோமி நண்டுக் கம்பெனியில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அந்த ஐந்தாவது பாட்டைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தாள். யார் என்று தெரிந்தால் அவனை வைத்தே தன்மேல் குற்றமில்லை என்று காட்டலாம், பிள்ளை கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்டாள், காதைத் தீட்டிக்கொண்டு, ஊர் ஆம்பிளைகள் ஒவ்வொருத்தரையும் அந்தக் குரலில் பொருத்திப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு எப்போது என்று சொல்ல முடியாது, யாரென்று தேடுவது நின்றுபோய் வெறுமனே கேட்க ஆரம்பித்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்து நண்டு உடைத்தவர்கள் கவனித்துச் சொன்னதுதான். குழல் மட்டும் ஒலிக்கிற இடம் வரும்போது அவள் கை நின்றுவிடுமாம், கண் எங்கோ போய்விடுமாம், அந்த வார்த்தை வந்து முடிந்ததும் பெருமூச்சு விட்டு அடுத்த நண்டை எடுப்பாளாம். தலையைப் பின்னி முடிக்கிற விதம் மாறியது. பஸ்ஸில் புதிதாக யாராவது வந்து இறங்கினால் அந்த ஆள் வாயைத் திறந்து பேசுகிறவரை நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள். தன் வாழ்நாளில் தான் சிரித்தது நன்றாக இருக்கிறது, இன்னொரு தடவை சிரி என்று கேட்டவன் ஒருத்தன் எங்கோ இருக்கிறான், எப்படியும் வருவான் என்று அவள் நம்பிவிட்டாள். பாருங்கள், எந்த ஆம்பிளையையும் நினைக்காமல் இருந்த பெண், அவள் மனசில் ஓர் ஆளைக் கொண்டுபோய் உட்காரவைத்தது ஊரின் சந்தேகம்தான், அதுவாவது அவளுக்கு ஒரு துணையாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் வேன் ஒன்று காளவாய்ப் பக்கம் வந்து நின்றது. முடியை ஒட்ட வெட்டிய வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி இறங்கினாள், பெயர் எல்கா, மெஷினில் அந்த அடியைப் போடுகிறவள் அவள்தான். பின்னாலேயே சுரைக்குடுவையோடு ஒருத்தர், நாணல் குழலோடு ஒருத்தர், வங்காளத்துப் பக்கிரி. கூட வந்த சென்னைக்காரர் ஒருத்தர் சூசைமிக்கேலிடம் வந்து, இந்தப் புகைபோக்கியைப் படத்தில் பார்த்தோம், இதன் முன்னால் ஒரு கச்சேரி வைத்து அதை அப்படியே லைவ் ஆல்பமாகப் பதிவு செய்ய ஆசை, ஊர் அனுமதி வேண்டும் என்றார்.

சூசைமிக்கேல் செருமினார். “மறுபடியுமா?”

“இதுக்கு முன்னாடி நாங்க வந்ததே இல்லையே.”

“சரி, உங்களுக்கு மறந்திருக்கும். நாலு ஊரு போறவிய” என்றார் அவர், அவர்களைச் சங்கடப்படுத்த விரும்பாமல்.

இலியாஸ் தன் போனில் ஆல்பத்தை எடுத்து எல்காவிடம் கொடுத்தான். அவள் காளவாய் நிழலில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை கேட்டாள், பிறகு சென்னைக்காரரிடம் ஏதோ சொன்னாள், அவர் எங்களுக்குச் சொன்னார். “கடைசிப் பாட்டுல தாளம் கொஞ்சம் முந்தி ஓடியிருக்காம். இந்தத் தடவை சரி பண்ணிடுறேன்னு சொல்றாங்க.” நாங்களும் ஆமாம், அது எங்களுக்கும் தோன்றியது என்றோம்.

கச்சேரி பொழுது சாய்கிற நேரத்தில் ஆரம்பமாயிற்று. ஏழு கரைக்காரர்கள் தங்கள் ஸ்பீக்கரைத்தான் கொண்டுவந்திருந்தார்கள், ஆனாலும் ராஜரத்தினம் தன் குழாய்களைக் கொண்டுவந்து இணைப்பே கொடுக்காமல் புகைபோக்கியைச் சுற்றிக் கட்டிவிட்டார். லைவ் பதிவு என்பதால் மைக்குகளில் பாதியை ஜனங்களைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள், அதைக் கண்டு மட்டும் அவர் முகம் சுளித்தார், மைக்கை ஆட்கள் பக்கம் திருப்பி வைத்து அவர் பிழைப்பில் பார்த்ததில்லை. ஊரில் ஒரு ஜீவன் வீட்டில் இல்லை. ஆல்பத்தில் எது எது எப்போது வரும் என்று எல்லாருக்கும் மனப்பாடம், தன் இடம் தவறிவிடக்கூடாதே என்று ஒவ்வொருத்தரும் உதட்டை நனைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். முதல் பாட்டு முடிந்ததும் சகாயம் எழுந்து நின்றான், எதற்காக எழுந்தோம் என்று அவனுக்கே தெரியாது, பவுல் கத்தினான், சகாயம் நிம்மதியாக உட்கார்ந்தான்.

போனில் கேட்ட பாட்டுத்தான், ஆனால் இது வேறு. அடி காது வழியாக வரவில்லை, மணல் வழியாக வந்தது, உள்ளங்கால் வழியாக ஏறி முழங்காலில் நின்று ஆட்டியது, சுரைக்குடுவையின் நரம்புகள் அதற்குள் மழை மாதிரி விழுந்துகொண்டே இருந்தன, பக்கிரி யாரையோ கூப்பிடுகிறார், யாரென்று அவரும் சொல்லவில்லை, அவர் கூப்பிட்ட வேகத்தில் எங்கள் ஆட்கள் ஆட எழுந்துவிட்டார்கள், கிழவிகள் ஆடினார்கள், கமிட்டி ஆடியது. அவ்வளவு நன்றாக இருந்தும் ஒருத்தருக்கும் முழு மனசு அதில் இல்லை. ஆடுகிற ஆட்டத்தின் நடுவில் எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போய்ப்போய் வந்தது.

அந்த இடத்தில், மைக்குக்குப் பக்கத்தில், பிலோமி நின்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள், தலையில் பூ வைத்திருந்தாள், அந்த ஆள் இன்றைக்கு வந்தே தீருவான் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்திலேயே செலஸ்டின், இடுப்பில் பெரிய ஸ்பேனரைச் செருகிக்கொண்டு, எவன் வாயைத் திறக்கிறான் பார்க்கிறேன் என்று நின்றான். அத்தை மடியில் ஜெனோவா.

ஐந்தாவது பாட்டு வந்தது. மெஷின் நின்றது, சுரைக்குடுவை நின்றது, பக்கிரி நின்றார், குழல் ஒற்றையாகப் போயிற்று. ஊர் முழுசும் ஒரே திருப்பாகத் திரும்பியது. மேடையில் உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆண், பெண், கிழம், குஞ்சு, குளுவான் அத்தனையும் வாயைப் பிளந்து பிலோமியைப் பார்க்கிறது, போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறது, சூசைமிக்கேல் செருமலை அடக்கிக் கண் பிதுங்கி நிற்கிறார், குழல் ஊதுகிறவரும் ஊதிக்கொண்டே எட்டிப் பார்க்கிறார். பிலோமி எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். முதலில் அவள் உதடு துடித்தது, கையால் வாயைப் பொத்தினாள், முடியவில்லை, வயிற்றிலிருந்து கிளம்பி உடைந்து வந்துவிட்டது அந்தச் சிரிப்பு.

போனில் எத்தனையோ தரம் கேட்டிருந்தாலும் செலஸ்டின் அதை அவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளை அப்போதுதான் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான். அவன் தொண்டையிலிருந்து, அவனே அறியாத, அவன் பெற்ற தாய்கூடக் கேட்டிருக்காத ஒரு குரல் வந்தது.

“இன்னொரு வாட்டி சிரி பிலோமி.”

அடுத்த கணம் மெஷின் அடி வந்து எல்லாவற்றையும் மூடியது. அது போதும், ஊருக்குக் கேட்டுவிட்டது. ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள், ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டார்கள், மிச்சப் பாட்டுகளை யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை, கடைசிப் பாட்டில் தாளம் மறுபடியும் முந்தி ஓடியதாக எல்கா வருத்தப்பட்டாள் என்று பிற்பாடு சொன்னார்கள். கச்சேரி முடிந்ததும் முடியாததுமாக செலஸ்டின் அக்காள் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். “நான்தான்! கேட்டியளா எல்லாரும்? அந்த ஆளு நான்தான்!” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். வெட்கமும் சந்தோஷமும் தாங்காமல் அழுதான். எங்களுக்கும் கண் கலங்கிவிட்டது, உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் அவனைப் பிடிக்காதவர்கள் யாருமில்லை.

அவன் பிள்ளையைக் கொண்டுவந்து பிலோமியிடம் கொடுத்தான். அவள் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், பிள்ளையின் கன்னத்தில் முகத்தை அழுத்திக்கொண்டாள். பிறகு அவனை ஏறிட்டுப் பார்த்தாள். சிரிப்பின் அடையாளம் அவள் முகத்தில் எங்கேயும் இல்லை.

“நீங்கதானா அது?” என்றாள். “இத்தன நாளா நான் காத்துக் கெடந்தது உங்களுக்குத்தானா?”

அவள் அழுதது சந்தோஷத்தில் என்று தூரத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள். பக்கத்தில் நின்றவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை, செத்த வீட்டில் அழுகிற அழுகை அது. வரவேண்டிய ஒருத்தன் இனிமேல் வரவே மாட்டான் என்று தெரிந்துபோன அழுகை. சூசைமிக்கேல் செருமிவிட்டு, “அதான் குத்தமில்லன்னு ஆயிட்டே தாயி, புருசனோட வீட்டுக்குப் போ” என்றார்.

“குத்தமில்லன்னா எம் முடிவுன்னு சொன்னியளே” என்று அவள் சொன்னாள். சேலை முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், பிள்ளையை இறுக்கிக்கொண்டாள், கூட்டம் விலகி வழிவிட்டது, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்து, கிளம்ப இருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். எங்களில் யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது, ஊராகச் சேர்ந்து ஒத்துக்கொண்ட பேச்சு.

செலஸ்டின் சிரித்த முகம் மாறாமல் அந்த பஸ் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அது திருப்பத்தில் மறைந்தபிறகுதான் முகம் மெதுவாகச் சுருங்கியது. சகாயத்தின் சட்டையைப் பிடித்தான், பிறகு இலியாஸை, பிறகு என்னை. “காத்துக் கெடந்தாளாமே, யாருக்கு? இத்தன நாளா அவ யாரை மனசுல நெனச்சுக்கிட்டிருந்தா? உங்களுக்குத் தெரியாம இருக்காது, சொல்லுங்கல, யாரது?” என்று ஒவ்வொருத்தரையும் உலுக்கிக் கேட்டான். உன்னைத்தான் என்று சொல்ல எங்களில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.